கேத் லேபில் நிற்பவர்களின் கண்ணுக்கு ஒரு பேட்ஜ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் புதிய கேத் லேப், அதாவது எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி இதய நாளச் சிகிச்சை செய்யும் அறை, திறக்கப்படும் செய்தியோடு, எத்தனை பேருக்கு ஆஞ்சியோ செய்தார்கள், எத்தனை பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்ற கணக்கும் வருகிறது. மகிழ்ச்சியான செய்திதான். அந்த அறைக்குள் நோயாளி இருப்பது அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். டாக்டரும் ஸ்டாஃப் நர்ஸும் டெக்னீஷியனும் அங்கே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். அவர்கள் மேல் படும் எக்ஸ்ரேயை அளக்க நம் நாட்டில் வழக்கமாகத் தரப்படுவது மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே குத்திக்கொள்ளும் ஒரே ஒரு டி.எல்.டி. பேட்ஜ் (பட்ட கதிரைச் சேமித்து வைத்துப் பின்னர் காட்டும் சிறு கருவி). அது நல்ல கருவி, தேவையான கருவி. ஆனால் இந்த வேலையில் முதலில் கெடக்கூடிய உறுப்பான கண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஏப்ரனுக்கு வெளியே, கழுத்தின் இடது பக்கத்தில் இரண்டாவது பேட்ஜ் ஒன்று வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

எக்ஸ்ரே எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கேத் லேபில் எக்ஸ்ரே குழாய் மேஜைக்குக் கீழே இருக்கிறது, படம் பிடிக்கும் டிடெக்டர் மேலே. குழாயிலிருந்து வரும் நேர்க்கதிர் டாக்டர் மேல் படுவதில்லை. அது நோயாளியின் உடலுக்குள் நுழைந்து, மோதி, நாலாபக்கமும் சிதறுகிறது. பணியாளர்கள் வாங்கிக்கொள்வது இந்தச் சிதறலைத்தான். கதிர் உள்ளே நுழையும் பக்கத்தில், அதாவது நோயாளியின் முதுகுப் பக்கத்தில், சிதறல் மிக அதிகம். அதனால் கால்களுக்கும் இடுப்புக்கும் கூடுதலாகவும் முகத்துக்குக் குறைவாகவும் வரும். டாக்டர் நோயாளியின் வலது பக்கம் நிற்பதால், நோயாளியின் மார்பு அவருக்கு இடது கைப் பக்கம் அமைகிறது. எனவே இடது கை, இடது கண், இடது கால் மூன்றும் வலது பக்கத்தைவிட அதிகம் வாங்குகின்றன. குழாயையும் டிடெக்டரையும் தாங்கும் வளைந்த கையான சி-ஆர்மை எல்.ஏ.ஓ. கோணத்துக்கு, அதாவது டிடெக்டர் நோயாளியின் இடது பக்கம் சாயும்படி, திருப்பினால் குழாய் டாக்டர் நிற்கும் பக்கமாகவே வந்துவிடும். சிதறல் சட்டென்று கூடும் கோணம் அதுதான். நோயாளியின் உடல் 3, 4 செ.மீ. கூடுதல் தடிமனாக இருந்தாலே படத்தின் தரத்தைக் காப்பாற்ற இயந்திரம் தானாகவே கதிரை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. சிதறலும் அதே கணக்கில் ஏறும்.

எக்ஸ்ரேயை இயக்கும் பெடலிலிருந்து காலை எடுத்த அந்த நொடியே எக்ஸ்ரே நின்றுவிடும். அறையில் எதுவும் தங்காது, துணியிலோ சுவரிலோ ஒட்டாது. புதிதாகச் சேரும் செவிலியர்களில் பலர், அறை முழுக்கக் கதிர் தேங்கி நிற்கும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. பெடல் அழுத்தியிருக்கும்போது எங்கே நிற்கிறோம் என்பதில் மட்டும் கவனம் இருந்தால் போதும். நோயாளியின் மார்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்பவர் ஓரடி பின்வாங்கி 90 செ.மீ.க்குப் போனால், வாங்கும் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இனி பேட்ஜைத் திறந்து பார்ப்போம். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அலுமினியத் தகடு இருக்கிறது, அதன்மேல் நிக்கல் பூச்சு. தகட்டில் மூன்று வட்டத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை வில்லை. வில்லையின் குறுக்களவு சுமார் 13 மி.மீ., தடிமன் 0.8 மி.மீ. டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட் பொடியை டெஃப்லானோடு கலந்து அழுத்திச் செய்தது அது. எக்ஸ்ரே பட்டால் அதன் ஆற்றலில் ஒரு பங்கு வில்லைக்குள் சிக்கிக்கொண்டு அப்படியே தங்கிவிடும். மூன்று மாதம் கழித்து ஆய்வகத்தில் சுமார் 285 டிகிரி சூட்டில் நைட்ரஜன் வாயுவை அதன்மேல் செலுத்துவார்கள். சிக்கிய ஆற்றல் மங்கிய ஒளியாக வெளியேறும். அந்த ஒளியை அளந்தால் பட்ட கதிர் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மூன்று வில்லைகள் எதற்கு? முதல் வில்லைக்கு மேல் செம்பும் அலுமினியமும் சேர்ந்த உலோக வடிகட்டி இருக்கிறது. இரண்டாவதுக்கு மேல் பிளாஸ்டிக். மூன்றாவது திறந்தே இருக்கிறது. இந்தப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. மருத்துவ எக்ஸ்ரே போன்ற குறைந்த ஆற்றலுள்ள கதிர் பட்டால், காமா கதிர் பட்டதைவிடப் பத்து மடங்கு வரை கூடுதலாக ஒளிரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். உலோகத்துக்குக் கீழுள்ள வில்லையையும் திறந்த வில்லையையும் ஒப்பிட்டுத்தான் வந்தது எவ்வகைக் கதிர் என்று கண்டுபிடித்துத் திருத்துகிறார்கள். எனவே உறையிலிருந்து ஒரு வடிகட்டி கழன்று விழுந்திருந்தாலோ, தகட்டைத் திருப்பிச் செருகியிருந்தாலோ வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தகட்டின் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருப்பது சரியான திசையில் செருகுவதற்காகத்தான். புதிய காலாண்டுக்குத் தகடு வந்ததும் உறையைத் திறந்து, வடிகட்டிகள் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் செருகுவது அரை நிமிட வேலை. தகட்டைச் சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரிக்கக் கூடாது. வியர்வையும் தூசியும் வில்லையில் பட்டால், சூடாக்கும்போது அவை கருகி, கதிரால் வராத ஒளியையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அறிவுறுத்தல்படி பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு மட்டத்தில் இருக்க வேண்டும். முழு உடலுக்கும் பட்ட அளவைக் கணிக்க அது சரியான இடம். நுரையீரல், இரைப்பை, எலும்பு மஜ்ஜை எல்லாம் ஏப்ரனுக்குப் பின்னால்தானே இருக்கின்றன. வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுகளின் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது. ஒழுங்காக ஏப்ரன் போடும் கேத் லேப் பணியாளர் இந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போக மாட்டார்.

கண்ணுக்கு ஏப்ரன் கிடையாது. அங்கேதான் கணக்கு மாறுகிறது. வேலை அதிகமுள்ள ஒரு டாக்டரை எடுத்துக்கொள்வோம். மாதம் 40 நோயாளிகள், ஒருவருக்குச் சராசரியாக 50 கிரே சதுர சென்டிமீட்டர் என்று இயந்திரத் திரையில் டி.ஏ.பி. எண் (நோயாளி மேல் செலுத்திய மொத்தக் கதிரின் கணக்கு) காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு மொத்தம் 2,000. கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் திரையைச் சரியாகப் பயன்படுத்தாத இடங்களில், ஒரு கிரே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோசீவெர்ட் (மில்லிசீவெர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற அளவில், மேஜைக்கு மிக அருகில் நிற்கும் டாக்டரின் கண் வாங்கக்கூடும். அந்தக் கணக்கில் மாதம் 2 மில்லிசீவெர்ட், வருடத்துக்கு 24. ஏப்ரனுக்கு உள்ளே இருக்கும் பேட்ஜ் அதே மாதத்தில் 0.1 காட்டலாம், வருடத்துக்கு 1.2. அறிக்கையைப் பார்ப்பவர், 20 வரையில் அனுமதி, இவருக்கு 1.2தான் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். உடலைப் பொறுத்தவரை அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் கண் 24 வாங்கிக்கொண்டிருப்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை.

24 என்பது அதிகமா? 2011 ஏப்ரலில் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம், கண்ணின் வில்லைக்கான (லென்ஸ்) வரம்பை வருடத்துக்கு 150 மில்லிசீவெர்ட்டிலிருந்து, ஐந்தாண்டுச் சராசரியாக 20 என்று குறைக்கச் சொன்னது. எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. முன்பு நினைத்ததைவிட மிகக் குறைந்த அளவிலேயே கண்புரை வரலாம் என்று தெரியவந்ததுதான் காரணம். நம் வாரியத்தின் 2011ஆம் ஆண்டு ஆணையில் கண்ணுக்கு எழுதப்பட்டிருப்பது பழைய 150. அதே காலத்தில் தென் அமெரிக்காவில் இதயச் சிகிச்சை டாக்டர்களின் கண்களைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வில், 38 சதவீதம் பேருக்குக் கண் வில்லையின் பின்புறத்தில் கதிர்வீச்சால் வரும் வகை மாற்றங்கள் தெரிந்தன. செவிலியர், டெக்னீஷியன்களில் 21 சதவீதம். கதிரோடு தொடர்பில்லாதவர்களில் 12 சதவீதம். முதுமையில் வரும் சாதாரணப் புரை பெரும்பாலும் வில்லையின் நடுவிலோ ஓரத்திலோ தொடங்கும். கதிர்வீச்சுப் புரை பின்பக்கத்தின் மையத்தில் தொடங்குவதால், சிறிதாக இருக்கும்போதே வெளிச்சத்தில் கூச்சத்தையும் மங்கலையும் கொடுக்கும். 0.36 மி.மீ. கம்பி முனையைத் திரையில் பார்த்து இதய நாளத்துக்குள் தள்ள வேண்டியவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இரண்டாவது பேட்ஜ். அதைத் தைராய்டு காலருக்கு (கழுத்தை மறைக்கும் ஈயப் பட்டை) வெளியே, இடது பக்கம் குத்த வேண்டும். நடுவிலோ வலப்பக்கமோ குத்தினால் எண் குறைந்துவிடும். அங்கே தோலின் 0.07 மி.மீ. ஆழத்துக்குக் கணக்கிட்டு வரும் அளவைக் கண் வில்லை வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டிலும் மறைப்புள்ள ஈயக் கண்ணாடி போட்டிருந்தால் அதைப் பாதியாக்கலாம். அதற்கு மேல் குறைக்கக் கூடாது. விற்பவர் சொல்லும் 90 சதவீதத் தடுப்பு, கதிர் நேராகக் கண்ணாடியில் பட்டால்தான் உண்மை. டாக்டர் படம் தெரியும் திரையைப் பார்த்துத் தலையைத் திருப்பியிருக்க, கதிரோ கீழிருந்து, இடப்பக்கமிருந்து வருகிறது. கன்னத்துக்கும் கண்ணாடியின் அடி விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், கதிர் அந்த வழியாகக் கண்ணுக்குப் போய்விடும். எனவே கண்ணாடி வாங்கும்போது முகத்தோடு ஒட்டி உட்காருகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டு பேட்ஜ் இருந்தால் உடல் கணக்கும் துல்லியமாகும். அமெரிக்கக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அளவீட்டுக் கவுன்சில் 1995இல் தந்த சூத்திரம் எளிமையானது. உள் பேட்ஜின் எண்ணில் பாதியையும், கழுத்து பேட்ஜின் எண்ணை 0.025ஆல் பெருக்கி வருவதையும் கூட்டினால் முழு உடலுக்கான அளவு கிடைக்கும். மேலே சொன்ன டாக்டருக்கு 0.1இல் பாதி 0.05, 2ஐ 0.025ஆல் பெருக்கினால் 0.05, மொத்தம் மாதம் 0.1. உள் பேட்ஜ் தனியாகச் சொன்ன அதே எண்தான். இந்த எடுத்துக்காட்டில் உடல் பற்றிய தகவல் மாறவில்லை. கண் பற்றிய தகவல் புதிதாகக் கிடைத்திருக்கிறது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. இரண்டு பேட்ஜும் ஒரே மாதிரி இருந்தால் இடம் மாறிவிடும். உள்ளே இருக்க வேண்டியது ஒரு வாரம் வெளியே இருந்தாலே அந்தக் காலாண்டின் எண் வீண். உறைகளுக்கு இரண்டு நிறம் வேண்டும். வெளி பேட்ஜில் கண் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் அவசரத்திலும் குழப்பம் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதும் கேத் லேபுக்குப் போதாது. ஜனவரி முதல் வாரத்தில் கூரைத் திரையின் கை உடைந்து, திரை ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தால், மார்ச் முடிந்து பேட்ஜ் ஆய்வகம் போய் அறிக்கை வரும்போது மே மாதம் ஆகியிருக்கும். கழுத்து பேட்ஜையாவது மாதம் ஒருமுறை படிக்க வேண்டும்.

தவறுகள் பெரும்பாலும் பேட்ஜின் பயணத்தில்தான் நடக்கின்றன. ஏப்ரனோடு குத்தியபடியே விட்டு, ஏப்ரனைக் கேத் லேபுக்குள் ஸ்டாண்டில் மாட்டிவிட்டால், ஆள் வீட்டில் தூங்கும்போதும் பேட்ஜ் அறையில் கதிர் வாங்கிக்கொண்டிருக்கும். அது மேஜைக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தால் காலாண்டு முடிவில் 10 மில்லிசீவெர்ட்டைத் தாண்டி, விசாரணைப் படிவம் வந்து நிற்கும். கோட்டுப் பையோடு சலவைக்குப் போய்ச் சூடான தண்ணீரில் ஊறுவதும், காரின் முன்கண்ணாடி ஓரத்தில் வெயிலில் கிடப்பதும் பதிவைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது கட்டுப்பாட்டு பேட்ஜை எக்ஸ்ரே அறை அலமாரியில் வைப்பது. இயற்கைப் பின்னணிக் கதிரைக் கழிப்பதற்காகத் தரப்படுவது அது. அதுவே எக்ஸ்ரே வாங்கினால், எல்லாருடைய எண்ணிலிருந்தும் அந்த அளவு கழிந்து, துறை முழுக்கப் பூஜ்யம் ஆகிவிடும். கட்டுப்பாட்டு பேட்ஜின் இடம் எக்ஸ்ரே அறையிலிருந்து தொலைவில், வெயிலும் சூடும் படாத அலுவலக அறை.

பூஜ்யத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுமார் 0.05 மில்லிசீவெர்ட்டுக்குக் கீழே உள்ள அளவை டி.எல்.டி. நம்பகமாகக் காட்டாது. அது அறிக்கையில் பூஜ்யமாகவே வரும். வாரத்துக்கு இரண்டு முறை அறைக்குள் எட்டிப் பார்ப்பவருக்குப் பூஜ்யம் வந்தால் சரி. மாதம் 40 நோயாளிகளைப் பார்க்கும் டாக்டருக்கு, அதுவும் ஏப்ரனுக்கு வெளியே குத்திய பேட்ஜில், நான்கு காலாண்டும் பூஜ்யம் வந்தால், அவர் பேட்ஜைப் போடவில்லை என்றுதான் அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். இயந்திரமே ஒவ்வொரு நோயாளிக்கும் டி.ஏ.பி. எண்ணைப் பதிகிறது. மாதக் கடைசியில் டாக்டர் வாரியாக அதைக் கூட்டி, கழுத்து பேட்ஜின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே அறையில் வேலை செய்யும் மூவரில் இருவருக்கு ஒரு விகிதமும் மூன்றாமவருக்கு அதில் இருபதில் ஒரு பங்கும் வந்தால், மூன்றாமவரிடம் பேச வேண்டும். ஒருவருக்கு மட்டும் விகிதம் மூன்று மடங்கு கூடினால், அவர் திரையை இழுத்துக்கொள்ளாமல் வேலை செய்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

பேட்ஜைக் கழற்றி வைப்பவர்களை அலட்சியக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். பலர் அதைக் கழற்றி வைப்பது பயத்தால். எண் ஏறினால் விளக்கம் கேட்பார்கள், வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், ஒப்பந்தப் பணியாளராக இருந்தால் வேலையே போகலாம் என்ற பயம். அந்தப் பயத்தை நிர்வாகம் போக்கினால்தான் எண்கள் உண்மையாகும். ஏறிய எண்ணுக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது. கதிர் பாதுகாப்பு அலுவலர் முதலில் கேட்க வேண்டியது, திரை வேலை செய்கிறதா, ஃப்ரேம் வேகம் எவ்வளவு, சினி (பதிவு செய்து வைக்கும் உயர்தரப் படம்) எத்தனை முறை எடுத்தீர்கள் என்பவைதான். வேலையின்போது பார்க்கும் நேரடிப் படமான ஃப்ளூரோவில் ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் கதிரைவிடச் சினியில் பத்து மடங்குக்கு மேல் ஆகும். விநாடிக்கு 15 ஃப்ரேமிலிருந்து 7.5க்கு இறக்கினால் பெரும்பாலான வேலைக்குப் படம் போதும், கதிரும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும்.

நொடிக்கு நொடி எண் காட்டும் மின்னணு டோசிமீட்டர்களைச் (கதிரை அளக்கும் கருவிகள்) சிலர் சொந்தப் பணத்தில் வாங்குகிறார்கள். வாங்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். கேத் லேபில் எக்ஸ்ரே தொடர்ச்சியாக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. விநாடிக்கு 15 துடிப்பு, ஒவ்வொன்றும் 6 மில்லிவிநாடி என்றால், ஒரு விநாடியில் கதிர் இருப்பது 90 மில்லிவிநாடி மட்டுமே. அதனால் துடிப்புக்குள் கதிர் வரும் வீதம் சராசரியைவிடப் பதினோரு மடங்கு. அணு உலைப் பணிக்காகச் செய்த பல டோசிமீட்டர்கள் இந்த வீதத்துக்கு ஈடு கொடுக்காமல் எண்ணத் தவறி, குறைத்துக் காட்டும். நேர்க்கதிரில் மாட்டினால் சிலவற்றில் எண்ணே வராது. துடிப்புக் கதிரில் சோதிக்கப்பட்டதா, குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ்ரேக்கு ஏற்றதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சரியான கருவி என்றால் அதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஈயத் திரையை ஒரு சாண் இழுத்ததும் கருவியின் பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதைக் கண்ணால் பார்த்தவர் அதற்குப் பிறகு திரையை மறப்பதில்லை. ஆனால் சட்டப்படியான பதிவு டி.எல்.டி.தான். மின்னணுக் கருவி அதற்கு மாற்றாகாது.

விரல் மோதிர டோசிமீட்டரை அணிபவர்கள், வில்லை குழாய் இருக்கும் திசையைப் பார்த்தபடி, கையுறைக்கு உள்ளே அணிய வேண்டும். தொற்று நீக்க ஆட்டோகிளேவில் போட்டுவிடாதீர்கள். அந்தச் சூடு பதிவைக் கலைத்துவிடும்.

டாக்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஸ்டாஃப் நர்ஸ் ஸ்டென்ட் எடுக்கவும் மருந்து ஏற்றவும் டிராலியின் பக்கம் திரும்புகிறார். முன்பக்கம் மட்டும் மறைக்கும் ஏப்ரன் போட்டிருந்தால் அந்த நேரம் முதுகு முழுக்கத் திறந்திருக்கிறது. மார்பில் இருக்கும் பேட்ஜுக்கு அவர் உடலே மறைப்பாகிவிடுவதால் அது எதையும் பதிவதில்லை. செவிலியர்களுக்குச் சுற்றிலும் மூடும் பாவாடை, மேலாடை வகை ஏப்ரன்தான் தேவை. மயக்க மருந்து டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் அசையாமல் நிற்கிறார். டாக்டருக்கு இருக்கும் கூரைத் திரை அவருக்கு இல்லை, பல இடங்களில் பேட்ஜும் இல்லை. ஒரு சக்கரத் திரையை அவருக்கும் மேஜைக்கும் நடுவில் நிறுத்தினால் போதும். பித்தநாளக் கல் எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. அறைகள் சிலவற்றில் குழாய் மேஜைக்கு மேலே இருக்கும். அங்கே சிதறல் மிகுதியாக முகத்துக்கே வரும். எலும்பு முறிவுத் தியேட்டரில் பக்கவாட்டுப் படத்துக்குச் சி-ஆர்மைச் சாய்க்கும்போது குழாய்ப் பக்கம் நிற்பவருக்கும் டிடெக்டர் பக்கம் நிற்பவருக்கும் பல மடங்கு வித்தியாசம். டிடெக்டர் பக்கம் நில்லுங்கள். கேத் லேபுக்கு உள்ள பேட்ஜ் ஒழுங்கு இந்தத் தியேட்டர்களில் பாதிகூட இல்லை என்பதுதான் கவலை.

கர்ப்பிணிப் பணியாளர் தகவல் சொன்ன நாளிலிருந்து, கருவுக்கு மிச்ச மாதங்களில் 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மார்பு பேட்ஜ் இதற்குப் போதாது. ஏப்ரனுக்கு உள்ளே, அடிவயிற்று மட்டத்தில் தனி பேட்ஜ் தந்து மாதம் ஒருமுறை படிக்க வேண்டும். அந்த எண்ணை முதலில் அவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு மூன்று மருத்துவமனைகளில் வேலை செய்யும் டாக்டர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒவ்வொரு இடத்திலும் எண் சிறிதாக இருக்கும். கூட்டினால்தான் உண்மை தெரியும். பணியாளரின் தனி எண் எங்கே போனாலும் ஒன்றாக இருந்தால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் அது தானாகச் சேரும். புதிய இடத்தில் சேரும்போது பழைய எண்ணைத் தராமல் புதிய எண் வாங்குபவர் தன் பழைய கணக்கைத் தானே தொலைக்கிறார்.

ஒவ்வொரு கேத் லேபும் வருடம் ஒருமுறை ஒரு மாலையைச் செலவழித்து அறையின் வரைபடத்தைத் தயாரிக்கலாம். நோயாளிக்குப் பதில் 30 செ.மீ.க்கு 30 செ.மீ., உயரம் 20 செ.மீ. உள்ள ஒரு பெட்டியில் 18 லிட்டர் தண்ணீர் ஊற்றி மேஜையில் வையுங்கள். கைகர் கருவி வேண்டாம், துடிப்புக் கதிரில் அது திணறும். அயன அறை வகை சர்வே மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர், நர்ஸ், மயக்க மருந்து டாக்டர் நிற்கும் இடங்களில் தரையிலிருந்து 50, 100, 125, 160 செ.மீ. உயரங்களில், கால், இடுப்பு, மார்பு, கண் என்று அளந்து எழுதுங்கள். முள் நிலைபெறக் குறைந்தது ஐந்து விநாடி பெடல் அழுத்த வேண்டும். திரை இல்லாமல் ஒருமுறை, திரையை நோயாளியின் மேல் நன்றாக இறக்கி ஒருமுறை, எல்.ஏ.ஓ. கோணத்தில் ஒருமுறை. அந்தத் தாளை அறைக் கதவில் ஒட்டுங்கள். ஈய ஏப்ரன்களையும் அன்றே ஃப்ளூரோவில் விரித்துப் பாருங்கள். மடித்து வைத்த ஏப்ரன் மடிப்பு வழியே விரிசல் விட்டிருக்கும். வெளியே துணி நன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

மக்கள் நல்வாழ்வுத் துறையிடமும் தனியார் மருத்துவமனை நிர்வாகங்களிடமும் நாங்கள் கேட்பது: கேத் லேபில் முதல் நிலையில் நிற்கும் டாக்டருக்கும் அவருக்கு அடுத்து நிற்கும் செவிலியருக்கும் வரும் காலாண்டிலிருந்தே கழுத்து பேட்ஜ் தாருங்கள். பேட்ஜ் ஆய்வகத்துக்கு அனுப்பும் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி கூடும், அவ்வளவுதான். கண் வரம்பை 20 ஆக வைத்தே எண்களைப் பாருங்கள். வருடம் ஒருமுறை கண் மருத்துவர் பாவையை விரித்து, ஸ்லிட் லேம்ப்பில் வில்லையின் பின்புறத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு, அவர்களின் பேட்ஜ் அறிக்கையோடு ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கேத் லேப் டெக்னீஷியன்களும் மருத்துவ இயற்பியலாளர்களும்,
மதுரை.